மூன்றேகால் நாற்காலி

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி.
விமான நிலையத்தில் பிறர் பெட்டிகளைப்
பதினோரு மணி நேரம் தூக்கிப்போட்டுவிட்டு
தெற்கு பாஸ்டனின் ஏற்றத் தெருவொன்றில்
நான்காவது முறையாகச் சுற்றுகிறேன்.

இரண்டு பக்கமும் பனிச் சுவர்.
சுவரில் அங்கங்கே
காரளவுக்கு வெட்டிய பள்ளம்.
பள்ளத்துக்கு ஒரு காவல்:
இஸ்திரிப் பலகை,
ஒற்றை ஊன்றுகோல் செருகிய வாளி,
தலைகீழாய் ஒரு மின்விசிறி,
குழந்தையைச் சாப்பிட உட்கார்த்தும் உயர நாற்காலி,
அதன் தட்டில் பனி பரிமாறியிருந்தது.
தெருவே துண்டு போட்டு வைத்திருந்தது.

நான் அரிசோனாக்காரன்.
எங்கள் ஊரில் நிழலுக்குத்தான் சண்டை.
வானத்திலிருந்து விழுந்ததை அள்ளிப் போட்டால்
அடியில் கிடக்கும் தார் சொந்தமாகிவிடும் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?

நாற்பத்தாறாம் எண் வீட்டின் முன்
ஒரு சமையலறை நாற்காலி.
மூன்று கால் முழுசு,
நான்காவது முழங்காலோடு சரி.
மூன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
குறைந்ததற்குச் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இதைச் சொல்லியாக வேண்டும்:
மரியாதையாகத்தான் தூக்கினேன்.
இருக்கையில் படிந்ததைக் கையுறையால் துடைத்தேன்.
அந்த வீட்டைப் பார்த்தபடி நடைபாதையில் வைத்தேன்,
செங்கல்லையும் மறக்காமல்.
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற
திருடனைப்போல.

காலையில்
டயரில் காற்று இருந்தது.
கண்ணாடியில் கீறல் இல்லை.
தண்ணீர் ஊற்றிக் கதவுகளை உறையவைக்கவும் இல்லை
(அதெல்லாம் நடக்குமாம், பிறகு கேள்விப்பட்டேன்).
கார்க் கூரையின் மேல்
அந்த நாற்காலி.
செங்கல் சகிதம்,
ஆடாமல் அசையாமல்,
என் அறைச் சன்னலைப் பார்த்தபடி.

ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம்.
நாலு கெட்ட வார்த்தை.
படித்து, கசக்கி, கோபப்பட்டிருப்பேன்.
தெரு நெடுகத் திரைச்சீலைகள் மட்டும்
கொஞ்சம் கொஞ்சம் அசைந்தன.

நடுத்தெருவில் எஞ்சினை அணைக்காமல் ஒரு பச்சைக் கார்.
உள்ளே மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி,
இரவுப் பணி முடித்த கண்.
ஹாரன் அடிக்கவில்லை.
நான் நாற்காலியை இறக்கி,
கண்ணாடியைச் சுரண்டி,
இரண்டு முறை சாவியைத் தவறவிட்டுத் தேடும்வரை
ஒரே கோப்பைக் காப்பியை
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.
நான் வெளியேற, அவள் நுழைந்தாள்.
தலையசைத்தாளா, கழுத்து வலியா, தெரியாது.
கதவில் பெயர் இருந்தது: மார்லீன் எஸ்திமே.

ஹார்டுவேர் கடையில் மிஞ்சியிருந்தது ஒரே சவள்.
“புதுசா?” என்றாள் கல்லாக்காரி.
சவளைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து
ஆமாம் என்றேன்.

தெரு உச்சியில், எவரும் சீண்டாத வளைவில்
மூன்றரை மணி நேரம்.
மேலே மாவு, நடுவே உப்பு, அடியில் கண்ணாடி.
பாதியில் நகராட்சி வண்டி வந்து
நான் தள்ளியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.
கடைசியில் தார் கறுப்பாகத் தெரிந்தபோது
தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.
காவல் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?
அறையில் ஒரே நாற்காலி.
அதில்தான் சாப்பாடு, அதில்தான் ஷூ மாட்டுவது.
தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனேன்.
அன்றிரவு காற்று எண்பது கிலோமீட்டர் வேகம்.
பெட்டி பெட்டியாகத் தூக்குகையில்
நாற்காலி தெருவில் உருள்வது காதில் கேட்டது.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தால்
வைத்த இடத்தில் வைத்தபடி.
இருக்கையின் மேல்
யாரோ வைத்த பாதிச் செங்கல்.

இப்போது மே மாதம்.
பாதிச் செங்கல் என் டிக்கியில் கிடக்கிறது,
யாரிடம் திருப்பித் தருவதென்று கேட்கத் துணிவில்லை.
நாற்பத்தாறின் முன்னால் இடம் காலி.
பனி இல்லை, நாற்காலி இல்லை,
சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லை.
வேறு இடமும் இல்லை.

மூன்றாவது முறையாகச்
சுற்றிக்கொண்டிருக்கிறேன்.